சுவர் பக்கம் திரும்பிய எழுத்து

அத்தியாயம் ஆறு

"என் வீட்டுக்குள்ள யாரோ நிக்கிறாங்க" என்றார் ஹெர்த்தா அம்மாள். "நான் நடந்தா அசையாம நிக்கிறாங்க. நான் நின்னா மூச்சை அடக்கிக்கிறாங்க."

மணி பகல் ஒன்றரை. ஜன்னலுக்கு வெளியே டிசம்பர் மாதத்து இளவெயில். ஜெருசலேமின் ரெஹாவியா பகுதி. கல் வீடுகளும் பைன் மரங்களும் பால்காரன் விட்டுப்போன காலி பாட்டில்களும் சாதுவாகத்தான் இருந்தன. ஆனாலும் நான் வாசல் கதவுக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்றேன்.

என் பெயர் சிம்சோன். வேதத்தில் வருகிற சிம்சோன் சிங்கத்தைக் கையால் கிழித்தவன். நான் தெருவில் பூனை வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறவன். துப்பறியும் நிபுணர் ஷ்ராகா வெல்ட்மானிடம் ஐந்து வருஷமாக உதவியாளன். இந்த உத்தியோகத்தில் சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவை வரும், நடுக்கம் தினமும் வரும்.

"எப்போ நிக்கிறாங்க?" என்று கேட்டார் பாஸ்.

"ரெண்டுலேர்ந்து நாலுக்குள்ள. படுக்கிற நேரத்துல."

ரெஹாவியாவில் மதியம் இரண்டிலிருந்து நான்குவரை கம்பளம் தட்டக்கூடாது, பிள்ளைகள் பந்து விளையாடக்கூடாது, பியானோ வாயைத் திறக்கக்கூடாது. ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பங்கள். மதியத் தூக்கம்தான் அவர்களுக்குப் பதினோராவது கட்டளை. திருடனுக்கு இதைவிட வசதியான தெரு இந்த நாட்டிலேயே கிடையாது.

ஹெர்த்தா அம்மாளுக்கு எழுபது இருக்கும். கண்ணில் மிச்சம் இருந்தது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது, காலர் கஞ்சி போட்டு நின்றது. அவர் பின்னால் இருந்த அலமாரியில் ஏழு வெள்ளிச் சாமான்கள். ஓய்வு நாள் ஒயின் கிண்ணம், வாசனைப் பெட்டி, ஹனுக்கா பண்டிகை விளக்கு, தோரா வேதச்சுருளை வாசிக்கும்போது வரியைத் தொடுகிற சுட்டுகோல், இப்படி. பூஜைக்கான வெள்ளி என்றால் எனக்குத் தெரிந்தது சிங்கம், கிரீடம், திராட்சைக் கொத்து. இவற்றில் ஒரு இலைகூட இல்லை. வெறும் கோடு, வெறும் வளைவு.

"எங்க வீட்டுப் பால் சொம்பு மாதிரி இருக்கு பாஸ்" என்று கிசுகிசுத்தேன்.

"எனக்குக் கண்ணுதான் போச்சு தம்பி. காது நல்லா கேக்கும்" என்றார் அம்மாள். "இதெல்லாம் ஃபிராங்க்ஃபர்ட்ல ஃபீலிக்ஸ் ஓர்மான் கையால தட்டினது. அச்சு கிடையாது, ஒட்டு கிடையாது. அவர் போயிட்டார். உலகத்துல இன்னும் முப்பது நாப்பதுதான் பாக்கி. இந்த ஆறையும் ஒவ்வொண்ணா விதவைங்க வீடு வீடா ஏறி இறங்கிச் சேர்த்தேன். என் பியானோவைக்கூட வித்தேன்."

"ஆறுன்னீங்க. அலமாரியில ஏழு இருக்கே?"

"ஏழாவது சேர்த்தது இல்ல." அம்மாள் அதற்குமேல் சொல்லவில்லை. எழுந்து கிண்ணத்தை எடுத்துப் பாஸ் கையில் வைத்தார். "இதைப் பாருங்க. ஞாயித்துக்கிழமை தொட்டேன், யாரோ ஒரு அந்நியப் பொருள். செவ்வாய்க்கிழமை தொட்டேன், என் கிண்ணம். விளக்கும் அதே கதைதான். போன வாரம் என்னுது, இந்த வாரம் என்னுது இல்ல. ரெண்டு நாளா ஹனுக்கா நடக்குது, நான் இன்னும் ஒரு திரி ஏத்தலை. ஊர் பேர் தெரியாத விளக்குல எப்படி ஏத்துறது?"

"உங்க வீட்டுக்காரங்க என்ன சொல்றாங்க?"

"எனக்குன்னு இருக்கிறது என் வீட்டுக்காரரோட அக்கா பையன் அம்னோன் ஒருத்தன்தான். காய்கறி, மருந்து எல்லாம் அவன்தான் வாங்கிட்டு வர்றான். நல்ல பையன். ஆனா அவன் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது. 'அத்தை, உங்களுக்கு மனசு தளர்ந்துபோச்சு'ங்கிறான். இன்னிக்கு நாலு மணிக்கு டாக்டர் ப்ளோக்கைக் கூட்டிட்டு வர்றான். டாக்டர் ஒரு கையெழுத்துப் போட்டா இன்னிக்கே என்னை மலைமேல இருக்கிற மனநோயாளிங்க இல்லத்துக்குக் கொண்டுபோயிடுவாங்க." குரல் அதுவரை கஞ்சி போட்ட காலர் மாதிரி நின்றது, இப்போது மடங்கியது. "அங்க ஜன்னல்ல கம்பி இருக்காம். நான் பைத்தியமா சார்? உண்மையைச் சொல்லுங்க. பயமா இருக்கு."

"நாலு மணிக்குச் சொல்றேன்" என்றார் பாஸ். "யார் மேல சந்தேகம்?"

"வால்ட்டர் மேல. வால்ட்டர் நாத்தான். ஓர்மான்கிட்ட தொழில் படிச்சவன். இங்க வந்து ஊர்ல பாதிப் பேருக்கு வெள்ளி வேலை கத்துக்கொடுத்தான். அம்னோனும் அவன்கிட்ட ரெண்டு வருஷம் படிச்சான். இந்தச் சாமானை அப்படியே திருப்பிச் செய்யணும்னா அவன் ஒருத்தனாலதான் முடியும். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இங்க வந்து, என் பையனோட பொம்மையைக் கொடுக்கிறீங்களான்னு கேட்டான். வாசப்படி ஏறினா போலீஸைக் கூப்பிடுவேன்னு துரத்திவிட்டேன்."

பொம்மை என்றது அந்த ஏழாவதை. அலமாரியின் மூலையில், சுவரோடு ஒட்டி, ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டு திருகாணி போட்டு இறுக்கியிருந்தது. உள்ளே கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு வெள்ளிப் பம்பரம். நாலு முகம், முகத்துக்கு ஒரு ஹீப்ரு எழுத்து. கோயிலில் ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்த அதிசயத்தைக் கொண்டாடுகிற ஹனுக்கா வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் சுற்றுவார்களே, அதேதான். என் சட்டைப்பையில்கூட ஒரு பச்சை பிளாஸ்டிக் பம்பரம் இருந்தது. காலையில் பாஸோடு பாதாம் பருப்பு வைத்து ஆடினேன். நாலு எழுத்தும் நாலு வார்த்தைக்கு அடையாளம்: அதிசயம், பெரியது, நடந்தது, இங்கே. 'பெரியது' விழுந்தால் எல்லாப் பருப்பும் நமக்கு. 'இங்கே' விழுந்தால் நாம் ஒரு பருப்பை வைக்கவேண்டும். எனக்கு ஏழு தடவை 'இங்கே'தான் விழுந்தது. பாஸ் என் காலை உணவையே ஜெயித்துவிட்டார்.

"இது மார்ட்டின் பொறந்தப்போ வாங்கினது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுல" என்றார் அம்மாள். "இந்த ஊருக்கு வந்த முதல் கோடையில அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அஞ்சு வயசு. அதுக்கப்புறம் நான் இதைத் தொடலை. கூண்டுச் சாவி என் கழுத்துல இருக்கு."

"திறந்து பார்த்துடலாமா?" பாஸ் மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம்!" அம்மாள் கழுத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தொட்டுப் பார்த்து, இதுவும் அந்நியமா இருந்தா? அப்படித் தெரிஞ்சுக்கிறதைவிட நான் பைத்தியம்னே டாக்டர் எழுதிட்டுப் போகட்டும்."

பாஸ் பேச்சை மாற்றினார்.

"எல்லா நாளும் பயந்தீங்களா?"

"வெள்ளிக்கிழமை மட்டும் இல்ல. அன்னிக்குப் படுத்திருந்தப்போ கழுத்துகிட்ட ஒரு விரல் பட்டது. ஜில்லுன்னு. பயமே வரலை."

"ஏன்?"

"அது என் விஷயம்."

பாஸ் வற்புறுத்தவில்லை. என்னைக் கூண்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "உன் கண்ணாடியைக் குடு" என்று உதட்டை மட்டும் அசைத்தார். தலை சீவ நான் எப்போதும் கையடக்கமாக ஒன்று வைத்திருப்பேன். மூலையில் இருந்ததால் பம்பரத்தின் இரண்டு முகம்தான் நமக்குத் தெரிந்தது: 'அதிசயம்', 'நடந்தது'. மற்ற இரண்டும் சுவர் பக்கம். பாஸ் கண்ணாடியைக் கூண்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இரண்டு விரல் இடைவெளியில் நுழைத்தார்.

"என்ன தெரியுது?"

எட்டிப் பார்த்தேன். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தாலும் படிக்க முடிந்தது. ஒரு பக்கம் 'பெரியது'. இன்னொரு பக்கம் 'இங்கே'.

"சரியாத்தான் இருக்கு பாஸ்."

"நீ எங்கேடா பொறந்தே?"

"இதே ஊர்ல. மஹனே யெஹூதா மார்க்கெட்டுக்குப் பின்னாடி. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்று கண்ணாடியை என் பையில் போட்டார். அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்து உடனே மறைந்தது. ஐரோப்பாவில், செர்னோவிட்சில் பிறந்த மனிதர். சிரிப்பைக்கூட ரேஷனில்தான் தருவார்.

மணி இரண்டு அடித்தது. தெரு முழுக்க ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

அம்மாள் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டார். பாஸ் சமையலறைக் கதவுக்குப் பின்னால். நான் ஹாலில், ஜன்னல் திரைக்குப் பின்னால்.

"ஏன் பாஸ் ஹால் எனக்கு?"

"நீ ஒல்லி. திரை புடைக்காது."

"பயந்தா நான் நடுங்குவேன். திரை ஆடும்."

"ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை. காத்துன்னு நினைச்சுக்குவான்."

ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்றேன். நேரம் போனது. குழாய் சொட்டியது. சுவர்க் கடிகாரம் ஒவ்வொரு நொடியையும் என் காதில் ஆணியாக இறக்கியது. மூன்று அடித்தது. ஒருவேளை யாரும் வரமாட்டார்களோ என்று நான் மனசுக்குள் கொண்டாட ஆரம்பித்தபோது சமையலறைப் பால்கனிப் பக்கம் 'க்ளிக்' என்றது.

அப்புறம் சத்தமே இல்லை. அதுதான் பயங்கரம். காலடி கேட்டிருந்தால் எங்கே இருக்கிறான் என்றாவது தெரியும். திரையின் நெசவு வழியாகப் பார்த்தேன். ஹால் வாசலில் ஒரு உயரமான உருவம் நின்றது. காலில் வெறும் சாக்ஸ். ஒரு கையில் ஷூ. அது நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பிறகு ஒரு எட்டு. மறுபடி நின்றது.

பாஸ் ஏன் பாயவில்லை? உருவம் அலமாரியை நெருங்கியது.

அப்போது பக்கத்து அறைக் கட்டில் கிரீச்சிட்டது.

அம்மாள் எழுந்து வந்துவிட்டார். செருப்பில்லாமல், கையை முன்னால் நீட்டிக்கொண்டு. உருவம் அப்படியே கல்லாகிவிட்டது. அம்மாள் இரண்டு எட்டு வைத்தார். இன்னும் இரண்டு. நீட்டிய விரலுக்கும் அந்த ஆளின் மார்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அவன் மூச்சை இழுத்து நிறுத்தியது எனக்கே கேட்டது.

"யாரு?" என்றார் அம்மாள். குரல் குழந்தையுடையது மாதிரி இருந்தது. "தயவு செஞ்சு சொல்லுங்க. யாரும் இல்லைன்னா இல்லைன்னாவது சொல்லுங்க."

அந்த வினாடியில் எனக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை. வீரம் என்று பாஸ் சொல்கிறார். எனக்கென்னவோ கால் வழுக்கியது என்றுதான் ஞாபகம். திரையோடு, திரைக்கம்பியோடு, அதைப் பிடித்திருந்த ஆணியோடு, அப்படியே அவன் மேல் விழுந்தேன். அம்மாள் அலறினார். நான் அவரைவிடப் பலமாக அலறினேன்.

விளக்கு எரிந்தது. பாஸ் நின்றுகொண்டிருந்தார். என் அடியில் கிடந்தவர் நரைத்த மீசை வைத்த ஒரு கிழவர்.

"வணக்கம் வால்ட்டர் ஐயா" என்றார் பாஸ். "ஷூவுக்குள்ள என்ன?"

ஷூவுக்குள் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் ஒரு வெள்ளி வாசனைப் பெட்டி. அலமாரியிலும் அதே வாசனைப் பெட்டி இருந்தது.

"பார்த்தீங்களா! போலியை வச்சுட்டு என்னுதை எடுக்க வந்திருக்கான்!" அம்மாள் கத்தினார்.

"தப்பும்மா" என்றார் பாஸ். "கொண்டுவந்ததைத் தொட்டுப் பாருங்க."

அம்மாள் பெட்டியை வாங்கினார். விரல்கள் மூடியைச் சுற்றி வந்தன, அடியைத் தடவின. மூக்கருகே கொண்டுபோனார். கிராம்பு வாசனை எனக்கே வந்தது. அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது என்னுது."

"திருப்பி வைக்கத்தான் வந்தேன், ஃப்ராவ் ஹெர்த்தா" என்றார் வால்ட்டர், சாக்ஸ் காலோடு நின்றுகொண்டு, ஜெர்மன்காரர் மரியாதையோடு. "யாஃபோ தெருவுல ஒரு பழைய சாமான் கடைக்காரன்கிட்ட உங்க கிண்ணத்தைப் பார்த்தேன். என் குருநாதர் சுத்தியல் அடி எனக்குத் தெரியாதா? கஷ்டத்துல விக்கிறீங்க, அக்கம்பக்கத்துக்குத் தெரியாம இருக்கத்தான் போலியைச் செஞ்சு வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். கேட்டா உங்களுக்கு மானக்கேடு. வாசப்படி ஏறினா போலீஸ். இந்தப் பால்கனித் தாழ்ப்பாள் நான் மாட்டினது, எப்படித் திறக்கும்னு தெரியும். அதான் ஒவ்வொண்ணா வாங்கி, போலியை எடுத்துட்டு இதை வச்சேன். மூணாவது தடவை இது."

எனக்குத் தலை சுற்றியது. ஒருத்தன் மாற்றி வைக்கிறான். இன்னொருத்தர் அதைத் திருத்தி வைக்கிறார். நடுவில் இந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமை பைத்தியமாகவும் செவ்வாய்க்கிழமை சரியாகவும் இருந்திருக்கிறார்!

"முட்டாள்!" என்றார் அம்மாள். "ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ராத்தூக்கம் போச்சு எனக்கு!"

"பம்பரத்தையும் நான் கேட்டது அளவு எடுத்து வரையறதுக்குத்தான். நீங்க பேசவே விடலை."

"அப்போ வெள்ளிக்கிழமை வந்தது நீயா?"

"வெள்ளிக்கிழமை நான் ஹைஃபாவுல இருந்தேன்."

அறையில் மறுபடி குளிர் ஏறியது. தாழ்ப்பாள் ரகசியம் வால்ட்டருக்குத்தான் தெரியும் என்றால் இன்னொருவன் பால்கனி வழியாக வரவில்லை. வீட்டுச் சாவி போட்டு நேராக வாசல் வழியாக வந்திருக்கிறான்.

பாஸ் வால்ட்டரைச் சமையலறைக்கு அழைத்துப்போய் ஏதோ ஒரே ஒரு கேள்வி காதில் கேட்டார். கிழவர் "இதென்ன கேள்வி, நான்தானே பம்பரத் தண்டுக்குத் துளை போட்டேன்" என்று ஆரம்பித்து மெதுவாகப் பதில் சொன்னார். பாஸ் அவரை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு வந்தார். மணி நான்கு அடிக்கவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

அம்னோனுக்கு முப்பத்தைந்து இருக்கும். நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு. பின்னால் தோல்பையோடு டாக்டர் ப்ளோக். வெளியே கார் எஞ்சினை அணைக்காமல் நின்றது. அதைக் கேட்டதும் அம்மாள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தை, பெட்டி எடுத்து வச்சாச்சா? யாரு இவங்க? திரை ஏன் கீழ கிடக்கு?"

"உங்க அத்தை எங்களைக் கூப்பிட்டாங்க" என்றார் பாஸ். "டாக்டர், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம். இந்த அம்மா சொல்றது நிஜம். இவங்க சாமான்களை யாரோ மாத்தியிருக்காங்க."

"அத்தைக்குத்தான் இப்படின்னா உங்களுக்குமா?" அம்னோன் வருத்தமாகச் சிரித்தான். "எதை வச்சு சொல்றீங்க?"

"பம்பரத்தை வச்சு."

"இல்ல!" அம்மாள் எழுந்துவிட்டார். "அது இல்ல. அது என்கிட்டதான் இருக்கு. சாவி என் கழுத்துல இருக்கு!"

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றார் பாஸ். அவர் குரலில் இவ்வளவு வருத்தத்தை நான் கேட்டதில்லை. "நீங்க பைத்தியம் இல்லைன்னு நிரூபிக்க என்கிட்ட வேற வழி இல்ல. அதுல ஒரு எழுத்து தப்பா இருக்கு டாக்டர்."

"என்ன தப்பு?" அம்னோன் சட்டென்று கேட்டான். "எல்லாப் பம்பரத்துலயும் இருக்கிற மாதிரி 'இங்கே'ன்னுதானே இருக்கு?"

பாஸ் அவன் பக்கம் திரும்பினார்.

"எந்த எழுத்துன்னு நான் சொல்லவே இல்லையே" என்றார் பாஸ்.

அம்னோனின் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண் அதோடு சேரவில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அதிசயம், பெரியது, நடந்தது, இங்கே. பெரிய அதிசயம் நடந்தது இங்கே. மூணு வயசுக் குழந்தை சொல்லும்."

"எந்த ஊர்க் குழந்தை?"

நான் என் பச்சைப் பம்பரத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தானே தெரியும்! டாக்டர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார்.

"நான் பொறந்தது ஜெர்மனியில, ப்ரெஸ்லாவ்" என்றார் அவர் மெதுவாக. "எங்க பம்பரத்துல 'அங்கே'ன்னு இருக்கும். அதிசயம் நடந்தது இந்த ஊர்ல. நாங்க இருந்தது தூரத்துல. அதனால, பெரிய அதிசயம் நடந்தது அங்கே."

"அதேதான்" என்றார் பாஸ். "ஃபிராங்க்ஃபர்ட்ல செஞ்ச பம்பரத்துல 'இங்கே' எப்படி வரும்? போலியைச் செஞ்சவன் இந்த வீட்டுல வளைய வர்றவன்தான். மத்ததையெல்லாம் கையில எடுத்துப் பார்த்து அளவு எடுத்தான். இதை மட்டும் கூண்டுக்கு வெளியில இருந்துதான் பார்க்க முடிஞ்சது. ரெண்டு முகம் தெரிஞ்சது. சுவர் பக்கம் இருந்த ரெண்டையும் அவனே நிரப்பிக்கிட்டான். யோசிக்கக்கூட இல்ல. ஏன்னா அவன் இங்கே பொறந்தவன். என் உதவியாளனும் இங்கே பொறந்தவன்தான். பார்த்துட்டு 'சரியா இருக்கு'ன்னான்."

"வால்ட்டர் செஞ்சிருப்பான்! அவனாலதான் முடியும்!"

"நான் செஞ்சிருந்தா 'அங்கே'ன்னுதான் போட்டிருப்பேன்டா" என்று சமையலறையிலிருந்து வந்தார் வால்ட்டர், சாக்ஸ் காலோடு. "அந்தக் கிண்ணத்துக்கு உள்பக்கம் அரம் போட்ட கோடு அப்படியே இருக்கு. மெருகு போட உனக்கு எப்பவும் பொறுமை கிடையாது. ரெண்டு வருஷம் நான் கத்தினது வீண்."

அம்னோன் ஒரு எட்டு பின்வாங்கினான். கை கோட்டுப் பைக்குள் போனது. துப்பாக்கி! நான் நாற்காலிக்குப் பின்னால் பாதி இறங்கிவிட்டேன். வெளியே வந்தது துப்பாக்கி இல்லை. ஒரு வெள்ளிப் பம்பரம். அதைக் கல் தரையில் போட்டு ஷூ குதிகாலை அதன்மேல் வைத்தான்.

"கிட்ட வந்தீங்கன்னா மிதிச்சுடுவேன். மெல்லிசுத் தகடு இது. அஞ்சு மணிக்கு ஹோட்டல்ல ஒருத்தர் இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கார். நான் வாசல் தாண்டுற வரைக்கும் யாரும் அசையக்கூடாது."

பாஸே அசையவில்லை. குதிகால் அழுந்த, வெள்ளி கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் பல்லில் கூசியது.

அம்மாள் மட்டும் நடந்தார். கையை நீட்டிக்கொண்டு, சத்தம் வந்த பக்கம்.

"அத்தை, வராதீங்க!"

"வெள்ளிக்கிழமை சாவிக்காக என் கழுத்துல கை வச்சது நீயா அம்னோன்?"

அவன் பார்வை குதிகாலுக்கு இறங்கியது.

"நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். சின்ன விரலா, ஜில்லுன்னு பட்டது. மார்ட்டின் வந்திருக்கான்னு நினைச்சேன். கண்ணைத் திறந்தா போயிடுவானோன்னு அசையாம படுத்திருந்தேன்." அவர் அவனுக்கு எதிரே நின்றுவிட்டார். "அது நீதானா?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் அழுதுவிட்டேன். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்னோன் காலை எடுத்தான். குனிந்தான். பம்பரத்தை எடுத்து அந்த நீட்டிய கையில் வைத்தான். வாசலுக்கு ஓடவில்லை, சுவரோரமாகச் சரிந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பாஸ் டெலிபோன் பக்கம் போனார். டாக்டர் வெளியே போய், காத்திருந்த காரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார்.

அம்மாள் மேஜைமுன் உட்கார்ந்தார். முப்பத்தாறு வருஷத்துக்கு அப்புறம் விரல் ஒவ்வொரு முகமாகப் போனது. நான்காவது முகத்தில் நின்றது. அந்த எழுத்துக்கு மூன்று கோடு. மூன்றையும் எண்ணிப் பார்த்தார்.

"அங்கே" என்றார். "அவன் பொறந்தது அங்கே."

பிறகு தண்டைப் பிடித்துச் சுண்டினார். பம்பரம் மேஜைமேல் சுற்றியது. அதன் ரீங்காரத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டார். அது தள்ளாடி, விழுந்து, அடங்கியது. மேலே இருந்த முகத்தை விரலால் தேடினார். அதே மூன்று கோடு.

"தம்பி, பாதாம் பருப்பு வச்சிருக்கியா? நான் ஒண்ணு வைக்கணும்."

என் பையில் கடைசியாக ஒன்று இருந்தது. கொடுத்தேன். அவர் அதை மேஜைக்கு எதிர்ப்பக்கம், யாரும் உட்காராத நாற்காலிக்கு முன்னால் நகர்த்தி வைத்தார்.

"எப்பவும் அவன்கிட்ட நான் தோத்துட்டுத்தான் இருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார்.